அத்தை குளிக்க மறுக்கிறார், அடிக்கிறார்: மாத்திரையைக் கூட்டலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. சர்க்கரை நோய் பல வருஷமாக உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அல்சைமர் என்று சொன்னார்கள். எங்கள் முகம் தெரிகிறது, பெயர் தெரிவதில்லை. சாப்பாடு, தூக்கம் பரவாயில்லை. குளிக்கவைப்பதுதான் பெரும்பாடு. ரவிக்கையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறது. "ஐயோ, கொல்றாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார், அடிக்கிறார், கிள்ளுகிறார். காலையில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, தலையோடு தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம். ஒரு காலத்தில் இரண்டு வேளை குளித்தவர், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் இருந்ததே இல்லை. டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதிக்கொடுத்தார். பகலெல்லாம் தூங்கி வழிகிறார், குளியலில் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையைக் கூட்டிக் கேட்கலாம் என்கிறார் கணவர். போன வாரம் நானும் கையை ஓங்கிவிட்டேன். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையைக் கூட்டக் கேட்க வேண்டாம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் குளியலுக்கு வருவோம், ஏனென்றால் காரணத்தில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரவிக்கையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறது என்கிறீர்கள். தண்ணீர் மேலே படுவதற்கு முன்பே கத்துகிறார் என்றால், தண்ணீரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. கை பின்னால் இழுபடுகிறது, உடம்பு திறந்துபோகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பல வருஷச் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கையைப் பக்கவாட்டில் தூக்கினாலோ முதுகுப் பக்கம் கொண்டுபோனாலோ உயிர் போகிற வலி. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நம்மைப் போல் "தோள் வலிக்குது" என்று அவரால் சொல்ல முடியாது, கை நீள்கிறது. குளியல் இல்லாத நேரத்தில், அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு முழம் பூவைக் கொடுத்து, "வெச்சுக்கோங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். இரண்டு கையும் பின்னந்தலை வரை போகிறதா, ஒரு கை பாதியிலேயே நிற்கிறதா? நிற்கும்போது நெற்றி சுருங்குகிறதா, மூச்சைப் பிடிக்கிறாரா, முனகுகிறாரா? பேச முடியாத டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்) நோயாளிகளின் வலியை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றும் இதைத்தான் பார்க்கிறது: மூச்சு, சத்தம், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. நீங்கள் மதிப்பெண் போட வேண்டாம், பார்த்ததை எழுதி டாக்டரிடம் காட்டினால் போதும்.

வலியை நான் முதலில் வைப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில், டிமென்ஷியாவோடு கத்துவது, அடிப்பது, முரண்டுபிடிப்பது என்றிருந்த 352 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் படிப்படியான வலி சிகிச்சை, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. வலி சிகிச்சை பெற்றவர்களிடம் இந்தக் கொந்தளிப்பு சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். உங்கள் அத்தைக்கு எடை குறைவாகவோ கல்லீரல் பிரச்சினையோ இருந்தால் அளவு இன்னும் குறையும் என்பதால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். "குளியலுக்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கலாமா, எவ்வளவு?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தோள் வலி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இன்றே ஒரு மாற்றம் செய்யலாம். குளியலுக்கு முன்பு ரவிக்கை வேண்டாம். முன்பக்கம் முழுவதும் திறக்கிற, கை தொளதொளவென்ற நைட்டியைப் போடுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் வெளியே எடுங்கள், வலிக்கிற கையிலிருந்து துணி தானாக நழுவிவிடும். போடும்போது இதற்கு நேர்மாறு, வலிக்கிற கை முதலில். அவர் கையைத் துணியிலிருந்து இழுக்காதீர்கள். துணியைக் கையிலிருந்து இழுங்கள்.

அடுத்தது மானம். காவிரிக்கரையிலும் கிணற்றடியிலும் குளித்து வளர்ந்த பெண்மணி பாவாடையை மார்புக்கு மேல் முடிந்துகொண்டுதான் குளித்திருப்பார். பிள்ளை பெற்ற பிறகும், வீட்டுக்குள் பாத்ரூம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போயிருக்காது. இன்றைக்கு, பெயர் தெரியாத இரண்டு பெண்கள் அவருடைய துணியை உருவிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் மருமகள் என்பது உங்களுக்குத் தெரியும், அந்த நிமிஷத்தில் அவருக்குத் தெரியாது. "கொல்றாங்க" என்பது அவர் நிலையிலிருந்து பார்த்தால் நியாயமான வார்த்தை.

ஆகவே பாவாடையைத் திருப்பிக் கொடுங்கள். நைட்டியைக் கழற்றுவதற்கு முன்பே பழைய பருத்திப் பாவாடை ஒன்றைத் தலைவழியாக அல்லாமல் கால்வழியாக ஏற்றி மார்புக்கு மேல் முடிந்துவிடுங்கள். நைட்டியை அதன் பிறகு எடுங்கள். தோள்மேல் ஒரு துண்டைப் போர்த்துங்கள். குளியல் முழுவதும் இரண்டும் அவர்மேல் இருக்கட்டும். துணிக்கு அடியில் கையை விட்டுச் சோப்பு போடலாம், துணியோடு தண்ணீர் ஊற்றலாம். முடிந்ததும் காய்ந்த துண்டைச் சுற்றிய பிறகு ஈரப் பாவாடையைக் கீழே நழுவவிடுங்கள், உடனே அதைக் காலடியிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கால் சிக்கிக்கொள்ளும்.

போர்த்தியபடி குளிப்பாட்டினால் அழுக்குப் போகுமா என்ற சந்தேகம் வரும். அமெரிக்காவில் ஓரிகன், வட கரோலினா மாநிலங்களில் 15 முதியோர் இல்லங்களில் இதையே சோதித்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு. குளியலின்போது அடித்துக் கத்திய 73 பேர். ஒரு முறை, ஷவர் குளியலையே அந்த ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவது: போர்த்தி வைப்பது, வெதுவெதுப்பாக வைப்பது, பிடித்த பேச்சைப் பேசுவது, அவசரப்படாமல் இருப்பது. இன்னொரு முறை, படுக்கையிலேயே வெந்நீர்த் துண்டுக் குளியல். முதல் முறையில் அடிதடி 53 சதவீதம் குறைந்தது, இரண்டாவதில் 60 சதவீதம். இரண்டிலும் தோலின் நிலை மேம்பட்டது, தோலில் கெட்ட கிருமிகள் கூடவில்லை. ஷவர் குளியலுக்குச் சராசரியாக 3.3 நிமிஷம் அதிகம் பிடித்தது, துண்டுக் குளியலுக்கு அதுவும் இல்லை. நீங்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்து மிச்சப்படுத்துகிற நேரம் இவ்வளவுதான்.

இனி பாத்ரூம். அவரை அழைத்துவருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும், உள்ளே வந்த பிறகு சோப்பைத் தேடினால் அந்த இடைவெளியிலேயே குளிரும் பயமும் வந்துவிடும். பக்கெட்டை முன்கூட்டியே நிரப்புங்கள், சின்ன அறையில் பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற இரைச்சல் அவருக்குத் தாங்காது. தண்ணீர் 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி அளவில் இருந்தால், அதில் ஆறு பங்குக்குக் கொதிநீர் ஒரு பங்கு விளாவினால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது. எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு வெந்நீரைப் பிறகு சேர்த்து, முழங்கையை விட்டுப் பாருங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

மணையோ முக்காலியோ வேண்டாம். கைப்பிடியுள்ள, உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படுகிற உயர நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியென்றால் கால்கள் அகன்று உறுதியாக நிற்கிறதா பாருங்கள். சில்லென்ற இருக்கையில் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். சுவரில் துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்கப் பழக்காதீர்கள், ஆள் எடையைத் தாங்காது. ஸ்குரூ போட்டு இறுக்கிய கைப்பிடிதான் சரி. தரையில் கறுப்பு அல்லது கருநீல மிதியடி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆழத்தைக் கணிக்கும் திறன் குறைந்தவருக்கு அது பள்ளமாகத் தெரியும், கால் வைக்கமாட்டார். தரை நிறத்துக்குப் பக்கத்து நிறத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். நாற்காலி மட்டும் எடுப்பான நிறத்தில் இருக்கட்டும். விளக்கு பிரகாசமாக இருக்கட்டும். கண்ணாடியில் வேறு யாரோ இருப்பதாக அவர் நினைக்கிறார் என்றால் அதன்மேல் ஒரு துணியைப் போடுங்கள்.

"குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள், "வேண்டாம்" என்பதுதான் பதிலாக வரும். "நாத்தமடிக்குது, குளிக்கணும்" என்றும் சொல்லாதீர்கள். "வாங்க அத்தை, வெந்நீர் வெச்சிருக்கேன், கால் அலம்பிக்கலாம்" போதும். முன்னால் வந்து, அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம். சொல்லிவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். வார்த்தை அவருக்குள் போய்ச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்குள் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால் முதலாவதும் அழிந்துவிடும். இரண்டு பேர் இருந்தாலும் ஒருவர் மட்டும் பேசட்டும். அவர் கையைப் பிடித்துக்கொள்வதற்குப் பதிலாக அவர் கையில் சொம்பைக் கொடுங்கள். நிரம்பிய சொம்பு கையில் இருக்கும்போது அடிக்கக் கை ஓங்காது, பல நேரம் அவரே மொண்டு ஊற்றிக்கொள்ளத் தொடங்குவார். ஐம்பது அறுபது வருஷப் பழக்கம் நினைவைவிட உடம்பில் அதிக நாள் தங்கும்.

பாதத்தில் ஆரம்பித்து முழங்கால், கை, முதுகு என்று போய் மார்பு, இடுப்பு, தொடை இடுக்கு. முகத்தைக் கடைசியில் ஈரத்துணியால் அவரே துடைத்துக்கொள்ளட்டும். தலைக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். எதிர்பாராமல் தலையில் விழுகிற தண்ணீர் மூச்சுத் திணறல் போலவே இருக்கும். தலை அலசுவது வேறு நாள், வேறு நேரம். நாற்காலியில் உட்காரவைத்து, மடித்த துணியை நெற்றியில் கட்டி, ஒரு மக் வெந்நீரில் கரைத்த கொஞ்சம் ஷாம்புவைத் துணியால் நனைத்துத் தேய்த்துத் துடைத்தெடுங்கள். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்தால் அடுத்த பத்து நாளுக்குத் தலையைத் தொடவிடமாட்டார். வெள்ளிக்கிழமை எண்ணெய் அவருக்கு முக்கியம் என்றால் அதைப் பறிக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, கூடத்தில் உட்காரவைத்து உச்சியில் தேய்த்துவிடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பிலும் உள்ளங்காலிலும் எண்ணெயோடு ஈரத் தரையில் நடந்தால் இடுப்பெலும்பு முறியும்.

தினமும் முழுக் குளியல் கட்டாயமில்லை. வாரம் இரண்டு முறை போதும். தினமும் முகம், அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றைத் துடைத்து ஒற்றியெடுத்தால் தோல் நன்றாகவே இருக்கும், மலம் கழித்த பின் ஒவ்வொரு முறையும் கழுவினால் சரி. உறவுக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். இடுக்குகளில் பவுடர் கொட்டாதீர்கள், ஈரத்தோடு கட்டிகட்டியாகி உரசிப் புண்ணாக்கும்.

பாத்ரூம் வாசலிலேயே மறுக்கிற நாட்களுக்குத் துண்டுக் குளியல். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்துங்கள். படுக்கையில் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பருத்தி விரிப்பு. அவரைப் போர்வையால் மூடி, போர்வைக்கு அடியிலேயே நைட்டியை எடுங்கள். 2 லிட்டர் வெந்நீரில், 40 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலான சூட்டில், குழந்தைகளுக்கான திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. அதில் பெரிய தடித்த டர்கி டவலை நனைத்து இறுக்கிப் பிழியுங்கள். நம் ஈரிழைத் துண்டு இதற்கு ஆகாது, ஒரு நிமிஷத்தில் ஆறிவிடும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பாதத்திலிருந்து மேல்நோக்கி டவலை விரித்துக்கொண்டே போர்வையை அதே வேகத்தில் மேலே விலக்குங்கள். ஒரு விநாடிகூட உடம்பு வெறுமையாக இருக்கக் கூடாது. டவலின் மேலிருந்தே பிடித்துவிடுவதுபோல் அழுத்தித் தேயுங்கள். ஒருக்களிக்கவைத்து இன்னொரு சின்ன டவலால் முதுகு, கடைசியாகப் பின்புறம், தொடை இடுக்கு. பிறகு இதே முறையில் சோப்பில்லாத வெந்நீர் டவலால் ஒருமுறை, காய்ந்த போர்வையால் ஒருமுறை. இது பெரும்பாலும் இரண்டே காரணங்களால் கெடும்: டவல் ஆறிப்போவது, சரியாகப் பிழியாமல் படுக்கை நனைவது. இரண்டாவது டவலைத் தெர்மல் பாத்திரத்தில் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அடித்தால் நிறுத்திவிடுங்கள். போர்த்துங்கள், ஓரடி பின்னால் வாருங்கள், மலமோ சிறுநீரோ இருந்தால் அதை மட்டும் கழுவி வெளியே அழைத்துவாருங்கள். அரை மணி நேரம் கழித்துக் காபி கொடுத்துப் பாருங்கள், அல்லது நாளைக்குப் பாருங்கள். "எப்படியும் பத்து நிமிஷத்தில் மறந்துவிடுவார், பிடித்து ஊற்றிவிடலாம்" என்பது பல வீடுகளில் கேட்கிற பேச்சு. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான, மகிழ்ச்சியான காட்சிகளைப் போட்டுக்காட்டிய ஆய்வு 2014இல் வந்தது. பார்த்ததை மறந்த பிறகும் அந்த உணர்ச்சி அவர்களிடம் தங்கியிருந்தது. குளிப்பாட்டியதை அத்தை மறப்பார், பயத்தை உடனே மறக்கமாட்டார். மத்தியானச் சாப்பாட்டைத் தட்டிவிடுவதற்கும் காலைக் குளியலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

காலையில் வரும் அக்காவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: குளிப்பாட்டாத நாளுக்குக் கோபிக்கமாட்டோம், பிடித்து இழுத்த நாளுக்குத்தான் கோபிப்போம். வேலையை முடித்தாக வேண்டும் என்ற பயத்தில்தான் அவரும் கையைப் பிடிக்கிறார்.

இனி ரிஸ்பெரிடோன். அது இல்லாத காட்சிகள் தெரிந்து பயப்படுவது, யாருக்காவது ஆபத்தாகும் அளவுக்கு ஆவேசப்படுவது போன்றவற்றுக்குக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குக் கொடுக்கும் மருந்து. தோள் வலிக்கும் கூச்சத்துக்கும் அதில் பதில் இல்லை. தூக்கமும் தள்ளாட்டமும்தான் மிஞ்சும். இந்த வகை மருந்துகளில் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்க மருந்து ஆணையம் 2005இல் எச்சரித்தது. அதற்காக நீங்களே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பகல் தூக்கத்தைச் சொல்லி, "எதற்காக ஆரம்பித்தோம், அது குறைந்திருக்கிறதா, எப்போது குறைத்து நிறுத்தலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நடை இறுகிப்போவது, கை நடுக்கம், விழுங்கும்போது புரையேறுவது இருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

கையை ஓங்கியதை எழுதியிருக்கிறீர்கள். எழுதியது நல்லது. அது உங்களுக்கு ஓய்வும் துணையும் வேண்டும் என்பதற்கான அறிகுறி, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கோபம் ஏறும்போது அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். கோவாவில் உள்ளூர் ஆட்களுக்கே குறுகிய பயிற்சி கொடுத்து 81 குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. வீட்டுக்கு வந்து நோயை விளக்கிச் சொல்லி, நடத்தையைக் கையாளக் கற்றுக்கொடுத்ததிலேயே பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. லண்டனில் 260 பராமரிப்பாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுத்தரும் 8 அமர்வுகள் மட்டும் நடத்தினார்கள், மனச்சோர்வு குறைந்த பலன் 6 வருஷம் கழித்தும் இருந்தது. உங்கள் வீட்டில் அதற்கு முதல் படி கணவர்தான். மாத்திரை பற்றி யோசனை சொல்கிறவர் வாரத்தில் இரண்டு மாலைகள் அம்மாவோடு இருக்கட்டும், நீங்கள் வீட்டை விட்டு வெளியே போய்வாருங்கள். மகன் குளிப்பாட்டுவது அத்தைக்கு இன்னும் கூச்சமாக இருக்கும், ஆகையால் அது வேண்டாம். சாப்பாடு, நடை, இரவு மருந்து எல்லாம் அவரால் முடியும். மனம் விட்டுப் பேச 14416, முதியோர் உதவிகளுக்கு 14567, இரண்டும் இலவச எண்கள்.

ஒரு வாரம் சின்ன நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நாம் என்ன செய்தோம். "காலை 7.10, இடக்கையைத் தூக்கினோம், கிள்ளினார், விட்டதும் அடங்கினார்" என்ற ஒரு வரி டாக்டருக்கு "ரொம்ப முரண்டு பண்றாங்க" என்பதைவிட நூறு மடங்கு உதவும். மூன்று நாளுக்குள் திடீரென்று நிலைமை மோசமானால், அதிகத் தூக்கமோ குழப்பமோ காய்ச்சலோ சேர்ந்தால், நோட்டை வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குவது எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும். தோள் விஷயம் உறுதியானால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முதல் முறை அவர் வரும்போது பூ வைக்கச் சொல்லிக் காட்டுங்கள்.